அணி மாறிய மூத்த இன்ஃபீல்டருக்கு என்ன விலை? கனோ, கின்ஸ்லர், கிப்னிஸ்: ஓர் ஒப்பீடு

ஃபேன்டஸி பேஸ்பால், அதாவது உண்மையான வீரர்களைத் தேர்ந்து கற்பனை அணி கட்டி அவர்களின் பருவ எண்களால் மோதும் ஆட்டம், ஆடுபவர்கள் ஒவ்வொரு மார்ச் மாதமும் டிராஃப்டுக்கு (சுற்றுச் சுற்றாக வீரர்களைத் தேர்ந்தெடுப்பதற்கு) உட்காரும்போது தவறாமல் எதிர்கொள்ளும் சிக்கல் ஒன்று உண்டு. முப்பதைத் தாண்டிய, பெயர்பெற்ற இன்ஃபீல்டர் (பேஸ்களை ஒட்டி நின்று தடுக்கும் வீரர்) ஒருவர் குளிர்காலத்தில் வேறு அணிக்குப் போயிருப்பார். அவருடைய பழைய எண்களை நம்பிப் பழைய விலையையே கொடுப்பதா, வயதையும் புதிய ஊரையும் காரணமாக்கி ஒதுக்கிவிடுவதா, அல்லது அதே இடத்தில் ஆடும், அணி மாறாத இளையவர் ஒருவரை எடுப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். இம்மூன்று வழிகளையும் ஒரே ஆண்டில், ஒரே ஆட்டநிலையில் வைத்து ஒப்பிட 2014 பருவத்தைப் போல் வாகான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அந்தக் குளிர்காலத்தில் முன்னணி செகண்ட் பேஸ் வீரர்கள் இருவர் அடுத்தடுத்து அணி மாறினர். 2013 நவம்பர் 20 அன்று டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணி இயன் கின்ஸ்லரை டெட்ராய்ட் டைகர்ஸுக்குக் கொடுத்து, பிரின்ஸ் ஃபீல்டரையும் 3 கோடி டாலரையும் பெற்றுக்கொண்டது. டிசம்பரில் ராபின்சன் கனோ நியூயார்க் யாங்கீஸை விட்டு, 10 ஆண்டுக்கு 24 கோடி டாலர் ஒப்பந்தத்தில் சியாட்டில் மரினர்ஸில் சேர்ந்தார். இருவருமே 1982-ல் பிறந்தவர்கள். டிராஃப்ட் நடக்கும்போது இருவருக்கும் வயது 31. அணி மாறாத மூன்றாவது தேர்வாக, 26 வயது முடியும் தறுவாயில் கிளீவ்லாந்தின் ஜேசன் கிப்னிஸ் இருந்தார். 2013-ல் 17 ஹோம் ரன், 84 ஆர்பிஐ, 86 ரன், 30 ஸ்டோலன் பேஸ், .284 சராசரி என்று எல்லாப் பத்தியையும் நிரப்பியவர். பெரும்பாலான டிராஃப்டுகளில் கனோ முதல் சுற்றிலும், கிப்னிஸ் இரண்டாம் சுற்றின் வாக்கிலும், கின்ஸ்லர் நான்காம் சுற்றையொட்டியும் போனார்கள்.

இங்கே மதிப்பு என்று சொல்வதன் பொருளை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். 1980-ல் நியூயார்க்கில் டேனியல் ஓக்ரென்டும் நண்பர்களும் தொடங்கிய ரோட்டிசரி முறையின் இன்றைய வடிவத்தில் பேட்டருக்கு ஐந்து பிரிவுகள் உண்டு: அடித்த ஹோம் ரன், அடித்து வீடு சேர்த்த ஓட்டங்களாகிய ஆர்பிஐ, தானே ஓடி எடுத்த ரன், திருடிய பேஸ் (ஸ்டோலன் பேஸ்), பேட்டிங் சராசரி, அதாவது அட்-பேட் எனப்படும் அடிக்கும் முறைகளில் ஹிட் ஆனவற்றின் பங்கு. கிரிக்கெட் ஃபேன்டஸியில் ஒரு போட்டிக்கு ஒரு அணி என்று கட்டிப் பழகியவர்கள் கவனிக்க வேண்டியது, இது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 162 ஆட்டங்களின் எண்கள் ஒரே உண்டியலில் சேரும் ஆட்டம். ஒருநாள் மின்னலுக்கு இங்கே பெரிய மரியாதை இல்லை. கைத்திறனுக்கும் மதிப்பெண் இல்லை. செகண்ட் பேஸில் எத்தனை அற்புதமான பந்தைப் பிடித்தாலும் ஃபேன்டஸி அணிக்கு நேரடியாக ஒன்றும் கிடைக்காது. ஆனால் மறைமுகமாகக் கிடைக்கும் ஒன்று உண்டு, அதைப் பின்னால் பார்க்கலாம்.

அணி மாறும்போது ஒரு பேட்டரிடம் மாறக்கூடியவை இரண்டு. ஒன்று, ஒவ்வொரு வாய்ப்புக்கும் அவர் எவ்வளவு விளைவிக்கிறார் என்ற விகிதம். இதை ஆடுகளமும் சுற்றியுள்ள பேட்டர்களும் வயதும் அசைக்கும். மற்றொன்று, அவருக்கு எத்தனை வாய்ப்புகள் கிடைக்கின்றன என்ற அளவு. இதை உடல்நலமும், பேட்டிங் வரிசையில் கிடைக்கும் இடமும், அணிக்கு அவர் எவ்வளவு தேவை என்பதும் தீர்மானிக்கும். டிராஃப்ட் நேரத்துப் பேச்சு முழுவதும் முதலாவதைச் சுற்றியே நடக்கும். எந்த மைதானத்தின் சுவர் எத்தனை அடி என்பதை ஆளுக்கு ஆள் ஒப்பிப்பார்கள். மூத்த வீரரைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்விக்குத்தான் கூடுதல் கவனம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு 2014 நல்ல சான்று.

கனோவிடமிருந்து தொடங்கலாம். 2013-ல் யாங்கீஸுக்காக 160 ஆட்டங்களில் .314 சராசரி, 27 ஹோம் ரன், 107 ஆர்பிஐ, 81 ரன், 7 ஸ்டோலன் பேஸ். அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளிலும் அவர் 25 ஹோம் ரன்னுக்குக் கீழே இறங்கவில்லை, .300-க்குக் கீழேயும் இறங்கவில்லை. செகண்ட் பேஸில் இப்படி ஒரு நிலைத்தன்மை வேறு யாரிடமும் அப்போது இல்லை; முதல் சுற்று விலைக்கு அதுதான் நியாயம். ஐயம் ஒரே இடத்தில்தான். யாங்கீ மைதானத்தின் வலது எல்லைக் கோட்டில் சுவர் 314 அடியில் இருக்கிறது. இடக்கை பேட்டருக்கு அது வரப்பிரசாதம். அப்போது சேஃப்கோ என்று அழைக்கப்பட்ட சியாட்டில் மைதானத்தில் அந்த மூலை 326 அடி. கடலோர ஊரின் குளிர்ந்த காற்றும் பந்தைத் தூரம் போகவிடாது. 2013-ல் அங்கே வேலிகளை முன்னுக்கு இழுத்தது உண்மைதான், ஆனால் பெரும் மாற்றம் இடது-மையப் பகுதியில் நடந்தது. கனோ போன்ற இடக்கையருக்கு அதனால் கிடைத்த லாபம் குறைவு.

சேஃப்கோவுக்குப் போன பெரிய பேட்டர் ஒருவரின் முன்கதையும் கண்முன் இருந்தது. அட்ரியன் பெல்ட்ரே 2004-ல் டாட்ஜர்ஸுக்காக 48 ஹோம் ரன் அடித்துவிட்டு சியாட்டிலுக்குப் போய் 2005-ல் 19 மட்டுமே அடித்தார். ஐந்து ஆண்டுகள் அங்கே கழித்து 2010-ல் பாஸ்டனுக்குப் போனதும் .321 சராசரியும் 28 ஹோம் ரன்னும், டெக்சஸ் போனபின் 2011-ல் 32, 2012-ல் 36 என்றும் மறுபடி எழுந்தார். எனினும் இந்தக் கதையைக் கனோ மீது அப்படியே பொருத்தக் கூடாது. பெல்ட்ரே வலக்கையர், பழைய சேஃப்கோவின் கொடுமை அதிகம் விழுந்தது இடதுபக்கம் அடிக்கும் வலக்கையர்கள் மீதுதான். அதோடு 48 என்பது பெல்ட்ரே வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே தொட்ட உச்சம். கனோவின் 27 அவருடைய வழக்கமான அறுவடை.

கனோவைப் பற்றி அப்போது பரவலாகச் சொல்லப்பட்ட மற்றொரு அச்சம், யாங்கீஸின் பலமான வரிசையை விட்டு மரினர்ஸின் பலவீனமான வரிசைக்குப் போகிறார், ஆகவே ரன்னும் ஆர்பிஐயும் சரியும் என்பது. இது பெயரைப் பார்த்துச் சொன்ன கணிப்பு, எண்ணைப் பார்த்துச் சொன்னதில்லை. 2013 யாங்கீஸ் அணி ஆண்டு முழுவதும் எடுத்தது 650 ரன். மரினர்ஸ் எடுத்தது 624. டெரெக் ஜீட்டர் 17 ஆட்டங்களும் மார்க் டெஷேரா 15 ஆட்டங்களும் மட்டுமே ஆடிய அந்த ஆண்டில், கனோ ஏற்கெனவே துணையில்லாமல்தான் ஆடிக்கொண்டிருந்தார். 2012-ல் 105-ஆக இருந்த அவருடைய ரன் கணக்கு 2013-ல் 81-ஆக விழுந்ததற்கு இந்தப் பலவீனமே பெரிய காரணம். எனவே வரிசையின் வலிமை என்ற கணக்கில் அவர் இழக்க வேண்டியதில் பெரும்பகுதியை நியூயார்க்கிலேயே இழந்துவிட்டிருந்தார்.

கின்ஸ்லரின் நிலை இதற்கு நேர்மாறு. 2009-லும் 2011-லும் 30 ஹோம் ரன்னும் 30 ஸ்டோலன் பேஸும் சேர்த்து எடுத்த வீரர், 2013-ல் 13 ஹோம் ரன், 72 ஆர்பிஐ, 85 ரன், 15 ஸ்டோலன் பேஸ், .277 என்று இறங்கியிருந்தார். அந்த 15 திருட்டுக்கு அவர் 11 முறை பிடிபட்டும் இருந்தார். இந்த விகிதத்தில் திருட முயன்றால் எந்த மேலாளரும் விரைவில் பச்சைக்கொடியை மடித்துவிடுவார். அவர் பந்தை உயரத் தூக்கி அடிப்பவர், இடதுபக்கம் இழுத்தடிப்பவர். ஆர்லிங்டனின் வெயிலும் 332 அடி இடது மூலையும் அந்த ஆட்டத்துக்கு ஏற்றவையாக இருந்தன. டெட்ராய்டின் கொமெரிக்கா பார்க்கில் அப்போது அதே மூலை 345 அடி, நடு மையம் 420 அடி. சொந்த மைதானத்துக்கும் வெளியூருக்கும் இடையே அவருடைய எண்களில் நெடுங்காலமாகவே பெரிய இடைவெளி இருந்துவந்தது என்பதால், ஆர்லிங்டனை விட்டு வெளியேறுவது அவரை முடித்துவிடும் என்று கருதியவர்கள் பலர். விலை நான்காம் சுற்றுக்கு இறங்கியதற்கு அதுவே காரணம்.

ஆனால் அளவு என்ற கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் கின்ஸ்லர் வேறு மாதிரித் தெரிகிறார். டெக்சஸ் அவரை அனுப்பியதற்குக் காரணம், ஜூரிக்சன் புரோஃபார் என்ற இளைஞருக்கு செகண்ட் பேஸில் இடம் வேண்டியிருந்ததும், ஃபர்ஸ்ட் பேஸில் ஒரு பலசாலி தேவைப்பட்டதும். டெட்ராய்ட் அவரை வாங்கியதற்குக் காரணம், ஓமார் இன்ஃபாண்டே ஒப்பந்தம் முடிந்து போய்விட்டதால் செகண்ட் பேஸ் காலியாக இருந்தது. அதாவது அவர் போன இடத்தில் போட்டியாளர் இல்லை, மாற்று ஆளும் இல்லை. வரிசையின் தலைப்பகுதி காத்திருந்தது. அவருக்குப் பின்னால் அடிக்கப் போவது, முந்தைய ஆண்டு.348 சராசரியோடு 44 ஹோம் ரன் அடித்த மிகேல் கப்ரேராவும், விக்டர் மார்டினெஸும். டைகர்ஸ் 2013-ல் 796 ரன் எடுத்த அணி, ரேஞ்சர்ஸ் 730. மைதானம் பறிப்பதை வரிசை திருப்பித் தரும் என்று மார்ச் மாதத்திலேயே எதிர்பார்த்திருக்க முடியும். ஒரே உண்மையான தடை உடல்நலம். 2007 முதல் 2010 வரை நான்கு பருவங்களில் மூன்றில் அவர் 130 ஆட்டங்களைத் தாண்டவில்லை. 2013-லும் விலாக் காயத்தால் 136 ஆட்டங்களோடு நின்றார்.

(இடையில் ஒரு செய்தி: அந்த வசந்தத்தில் ஒரு பத்திரிகைப் பேட்டியில் கின்ஸ்லர், பழைய அணி ஒரு ஆட்டத்தில்கூட வெல்லக் கூடாது என்ற தொனியில் பேசிப் பரபரப்பாக்கினார். பழிவாங்கும் வேகத்தில் பிரமாதமாக ஆடுவார் என்று அதைவைத்து விலையை உயர்த்தியவர்களும் உண்டு. கோபத்துக்கென்று ஆறாவது பிரிவு எதுவும் ஃபேன்டஸியில் இல்லை.)

இனி விளைவு. 2014-ல் கனோ 157 ஆட்டங்களில் .314, 14 ஹோம் ரன், 82 ஆர்பிஐ, 77 ரன், 10 ஸ்டோலன் பேஸ். கின்ஸ்லர் 161 ஆட்டங்களில் .275, 17 ஹோம் ரன், 92 ஆர்பிஐ, 100 ரன், 15 ஸ்டோலன் பேஸ். கனோ அடித்த ஹிட் 187. கின்ஸ்லர் அடித்தது 188. இந்த ஒற்றை ஒப்புமையிலேயே பாதிக் கதை அடங்கியிருக்கிறது, ஏனென்றால் கனோ அதை 595 அட்-பேட்டில் சாதித்தார், கின்ஸ்லருக்கு 684 தேவைப்பட்டது.

இவ்வெண்களை முந்தைய ஆண்டோடு வைத்து வகுத்துப் பார்த்தால்தான் நிகழ்ந்தது என்னவென்று தெரியும். கனோவுக்கு 2013-ல் 605 அட்-பேட், 2014-ல் 595. அளவு ஏறக்குறைய அப்படியே. ஆனால் 2013-ல் 22 அட்-பேட்டுக்கு ஒரு ஹோம் ரன் அடித்தவர், 2014-ல் 42 அட்-பேட்டுக்கு ஒன்றுதான் அடித்தார்; விகிதம் பாதியாகிவிட்டது. கின்ஸ்லரிடம் இதற்கு நேரெதிர். 2013-ல் 545 அட்-பேட், 2014-ல் 684. ஹோம் ரன் விகிதம் முதலாண்டில் 42-க்கு ஒன்று, அடுத்த ஆண்டில் 40-க்கு ஒன்று. ஆர்பிஐ விகிதமும் சராசரியும் நகரவே இல்லை. ரன் விகிதம் சற்றுக் குறைந்ததுகூட. அவர் முன்னேறவில்லை. 139 அட்-பேட் கூடுதலாகக் கிடைத்தது, அவ்வளவுதான். அந்த 139 அட்-பேட்தான் நான்காம் சுற்று வீரரை இரண்டாம் சுற்று எண்களுக்கு உயர்த்தியது.

கனோவின் சராசரிக்கு உரிய மரியாதையைக் கொடுக்காமல் போனால் ஒப்பீடு கோணலாகிவிடும். .270 சராசரியுள்ள ஒரு ஃபேன்டஸி அணியை எடுத்துக்கொண்டால், 595 அட்-பேட்டில் அந்தச் சராசரிக்குக் கிடைக்க வேண்டிய ஹிட்டைவிடக் கனோ 26 ஹிட் கூடுதலாகத் தருகிறார். கின்ஸ்லர் தருவது 3 மட்டுமே. ஆண்டுக்கு 7,000 அட்-பேட் ஆடும் அணியில் அந்த 26 ஹிட் சராசரியை .270-லிருந்து ஏறக்குறைய .274-க்கு உயர்த்தும். நெருக்கமான லீகில் அது இரண்டு மூன்று இடம் ஏறப் போதும். அதற்கு எதிரே கின்ஸ்லர் 23 ரன், 10 ஆர்பிஐ, 5 ஸ்டோலன் பேஸ், 3 ஹோம் ரன் கூடுதலாக வைக்கிறார். என் கணக்கில் இருவரும் ஏறத்தாழச் சமம், கின்ஸ்லர் பக்கம் தராசு லேசாகச் சாய்கிறது. விலையில் மூன்று சுற்று இடைவெளி இருந்தது என்பதைச் சேர்த்தால் எது நல்ல கொள்முதல் என்பதில் ஐயமே இல்லை.

லீகின் விதி மாறினால் இந்த முடிவும் மாறும். சராசரிக்குப் பதில் ஆன்-பேஸ் விகிதத்தை (ஹிட்டோடு வாக் போன்றவற்றாலும் பேஸை அடைந்த பங்கை) எண்ணும் லீகுகளில் கனோவின் .382-க்கு முன்னால் கின்ஸ்லரின் .307 பரிதாபமாக நிற்கும். டெட்ராய்டில் அவர் ஆண்டு முழுவதும் வாங்கிய வாக் (நான்கு தவறான பந்துக்குக் கிடைக்கும் இலவச ஃபர்ஸ்ட் பேஸ், அட்-பேட்டில் சேராது) 29 தான்; அவ்வளவு அட்-பேட் சேர்ந்ததற்கு அவர் வாக் வாங்க மறுத்ததும் ஒரு காரணம். ஒரு விதியில் ஆதாயமாக இருக்கும் பழக்கம் மற்றொரு விதியில் ஓட்டையாகிவிடுகிறது. அப்படிப்பட்ட லீகில் கனோவை இரண்டாம் சுற்று வரையிலும் எடுக்கலாம் என்பேன்.

கிப்னிஸ் என்ற பத்திரமான தேர்வின் கதை சுருக்கமானது. ஏப்ரலில் கிளீவ்லாந்து அவருக்கு 6 ஆண்டு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தது, மே மாதத் தொடக்கத்தில் விலாத் தசை பிடித்துக்கொண்டது, 129 ஆட்டங்களில்.240, 6 ஹோம் ரன், 41 ஆர்பிஐ, 22 ஸ்டோலன் பேஸ். இளமை, பழகிய மைதானம், பழகிய வரிசை, எதுவும் அவரைக் காக்கவில்லை. ஒரு வீரர் தவறியதை வைத்து இளையவர்கள் எல்லாரையும் தள்ளிவிட முடியாது. அதே ஆண்டு ஹூஸ்டனின் ஹோசே அல்டுவே, அணி மாறாத 24 வயதுக்காரர், 225 ஹிட்டும் 56 ஸ்டோலன் பேஸும் எடுத்து எல்லாரையும் மிஞ்சினார். நான் சொல்ல வருவது சிறியது. அணி மாறுவது கண்ணுக்குத் தெரியும் அபாயம் என்பதால் டிராஃப்டில் அதற்குத் தள்ளுபடி கிடைக்கிறது. தசைப்பிடிப்பு கண்ணுக்குத் தெரியாது என்பதால் அதற்குத் தள்ளுபடி கிடைப்பதில்லை. தள்ளுபடி அளவுக்கு மீறிக் கிடைக்கும் இடத்தில்தான் லாபம்.

கனோவின் சரிவு முழுவதையும் மைதானத்தின் தலையில் கட்டுவதும் சரியாகாது. மைதானத்தை மட்டும் கணக்கில் எடுத்திருந்தால் 27-லிருந்து 20 வரை இறங்குவார் என்று மதிப்பிட்டிருக்கலாம். 14 என்பதை யாரும் கணித்திருக்க முடியாது. அதே சேஃப்கோவைச் சொந்த மைதானமாகக் கொண்டே அவர் 2015-ல் 21, 2016-ல் 39, 2017-ல் 23 ஹோம் ரன் அடித்தார். 39 என்பது யாங்கீஸில் இருந்தபோதுகூட அவர் தொடாத எண். இடையில் வயிற்றில் ஒட்டுண்ணித் தொற்றால் அவதிப்பட்டதும், 2015 பருவம் முடிந்ததும் குடலிறக்க அறுவைச் சிகிச்சை செய்துகொண்டதும் தெரியவந்தன. 2014-ல் பந்தைத் தரையோடு அடிக்கும் வழக்கம் அவரிடம் மிகுந்திருந்தது. இருபேஸ் அடிகள் 41-லிருந்து 37-க்கு மட்டுமே குறைந்தன. அடியின் வலு போய்விடவில்லை, கோணம்தான் தாழ்ந்தது என்று அதிலிருந்து கொள்ளலாம். வீரர்களை அடுத்த ஆண்டுக்கும் தக்கவைக்கும் லீகில் 2014 முடிவில் கனோவைப் பயந்து விற்றவர்களைவிட, அப்போது மலிவாக வாங்கி இரண்டாண்டு பொறுத்தவர்களுக்கே நல்லது நடந்தது. கின்ஸ்லரும் 2016-ல் 28 ஹோம் ரன், 117 ரன், .288 என்று டெட்ராய்டின் பெரிய மைதானத்தைச் சொந்த மைதானமாகக் கொண்டே அடித்தார் என்பதால், இந்த இருவரில் யாரை நீண்டகாலத்துக்கு வைத்துக்கொள்வது என்ற கேள்விக்கு இன்றும் என்னிடம் தெளிவான விடை இல்லை.

இதே கணக்கை 2025 நவம்பரில் அணி மாறிய மார்கஸ் செமியன் மீது வைத்துப் பார்க்கலாம். டெக்சஸ் அவரை நியூயார்க் மெட்ஸுக்குக் கொடுத்து பிராண்டன் நிம்மோவை வாங்கியது. செமியனுக்கு இது முதல் இடப்பெயர்ச்சி இல்லை. ஒருமுறை ஏற்கெனவே இந்தச் சோதனையில் அமர்ந்தவர். 2021-ல் டொராண்டோவுக்காக 45 ஹோம் ரன் அடித்து, செகண்ட் பேஸ் வீரர்களில் யாரும் தொடாத உயரத்தை எட்டினார். அந்த ஆண்டு கொரோனா கட்டுப்பாடுகளால் டொராண்டோ அணி டனிடின், பஃபலோ, டொராண்டோ என மூன்று ஊர்களில் சொந்த ஆட்டம் ஆடியது, முதல் இரண்டும் பேட்டருக்குக் கைகொடுத்த சிறிய மைதானங்கள். 7 ஆண்டுக்கு 17.5 கோடி டாலருக்கு டெக்சஸ் போனதும், 2022-ல் முதல் ஹோம் ரன்னுக்கு மே 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முடிவில் 26 ஹோம் ரன், 101 ரன், 25 ஸ்டோலன் பேஸ். ஹோம் ரன் குறைந்ததைத் திருட்டு ஓரளவு ஈடுகட்டியது. மே மாதத்தில் பொறுமையிழந்து அவரைக் கைவிட்டவர்கள் அந்த மூன்றையும் அடுத்தவர் அணிக்குத் தானம் செய்தார்கள்.

அவருடைய மதிப்பின் அடித்தளம் எப்போதும் அளவுதான். 2021, 2023 இரண்டிலும் 162 ஆட்டங்கள், 2022-ல் 161, 2024-ல் 159. அந்த நான்கு ஆண்டுகளிலும் நூறு ரன்னுக்கு மேல். வரிசையில் முதலிடத்தில் நின்று, ஓய்வே எடுக்காதவர்போல் ஆடியதன் பலன் அது, 2024-ல் சராசரி.237 ஆக இறங்கியபோதும் 101 ரன் எடுத்தது அதனால்தான். 2025-ல் அந்த அடித்தளமே ஆடியது. ஆகஸ்டில் காலில் பந்து பட்டு எலும்பு முறிந்து, 127 ஆட்டங்களோடு பருவம் முடிந்தது, சராசரி.230, ஹோம் ரன் 15, ஸ்டோலன் பேஸ் 11.

மெட்ஸுக்குப் போவதால் விகிதம் கெடாது, சற்றுத் தேறவும் கூடும். டெக்சஸின் மூடுகூரை மைதானம் அண்மைக்காலத்தில் பேட்டருக்குக் கடினமான இடமாகவே இருந்தது. அளவுதான் கவலை. கின்ஸ்லருக்கு டெட்ராய்டில் வரிசையின் தலைப்பகுதி காலியாக இருந்தது. மெட்ஸில் அந்த இடம் ஃபிரான்சிஸ்கோ லிண்டோருக்கும் ஹுவான் சோட்டோவுக்கும் உரியது, இருவருமே 2025-ல் 30 ஹோம் ரன்னும் 30 ஸ்டோலன் பேஸும் கடந்தவர்கள். வரிசையில் ஓர் இடம் கீழிறங்கினால் பருவத்துக்கு ஏறத்தாழ 15 முதல் 18 வாய்ப்புகள் குறையும். முதலிடத்திலிருந்து ஆறாமிடத்துக்கு வந்தால் 80, 90 வாய்ப்புகள் போய்விடும். ஆறாவது ஆளுக்குப் பின்னால் அடிப்பவர்கள் அவரை வீடு சேர்க்கும் திறமும் குறைவு. நூறு ரன் என்ற அவருடைய தனிச்சரக்கு இதோடு கைநழுவுகிறது. ஆர்பிஐ சிறிது கூடலாம், சோட்டோ அடிக்கடி பேஸில் நிற்பார் என்பதால்.

கைத்திறனைப் பற்றி முன்பு சொன்னது இங்கே உதவுகிறது. 2025-ல் பருவம் பாதியில் முறிந்தும், பேட்டில் தடுமாறியும் செமியன் சிறந்த தற்காப்புக்கான தங்கக் கையுறை விருது பெற்றார். மெட்ஸ் அவரை வாங்கியதற்குத் தற்காப்பே முதற்காரணம் என்பதால், ஏப்ரலில் .190 அடித்தாலும் அவரை பெஞ்சில் உட்கார வைக்க மாட்டார்கள். வெறும் பேட்டிங்குக்காக வாங்கப்பட்ட மூத்தவருக்கு அந்தப் பொறுமை கிடைப்பதில்லை. மூத்த இன்ஃபீல்டரை மதிப்பிடும்போது நான் ஹோம் ரன் பத்தியைப் பார்ப்பதற்கு முன் அவருடைய கையுறையைப் பார்ப்பது இதனால்தான்.

திருட்டின் விலையும் 2014-லிருந்து மாறிவிட்டது. 2023-ல் பேஸ்கள் பெரிதாக்கப்பட்டு, பிட்சர் பேஸை நோக்கி எறிவதற்கு வரம்பு வைத்தபின், மேஜர் லீக் முழுவதிலும் திருட்டு முந்தைய ஆண்டின் 2,486-லிருந்து 3,503-ஆக எகிறியது. கின்ஸ்லரின் 15 அந்நாளில் உண்மையான முதல். செமியனின் 11 இன்று எல்லாரிடமும் கிடைக்கும் சில்லறை. 35 வயதில், முறிந்து கூடிய காலோடு, அந்த 11-ஐயும் முழுமையாக எதிர்பார்க்கக் கூடாது.

ஆகவே 12 அணி லீகில் செமியனை, சராசரியைச் சுமக்கக்கூடிய வேறு பேட்டர்கள் கைக்கு வந்தபின், கடைசிச் சுற்றுகளில் மட்டும் எடுப்பேன். 18 ஹோம் ரன், 70 ரன்,.240 என்பது அவரிடம் நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது, அதற்கு மேல் கொடுக்கும் விலை பெயருக்குக் கொடுப்பதாகும். 15 அணி லீகில், ஷார்ட்ஸ்டாப்புக்கும் செகண்ட் பேஸுக்கும் பொதுவான கூடுதல் இடம் இருக்கும்போது, அவருடைய மதிப்பு ஏறும். அங்கே 600 வாய்ப்பு உறுதியாகக் கிடைக்கும் ஆள் எவரும் மலிவில்லை. மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான, மெட்ஸ் இருக்கும் நேஷனல் லீக்கின் வீரர்களை மட்டும் வைத்து ஆடும் லீகுகளுக்கு இந்த வரத்து புதிய சரக்கு, தயங்காமல் ஏலம் கேட்கலாம். அமெரிக்கன் லீக் மட்டும் ஆடுபவர்களுக்கு அவர் பட்டியலிலேயே இல்லை, அவருக்குப் பதில் நிம்மோ வந்திருக்கிறார். தக்கவைக்கும் லீகில் அவரை வைத்திருப்பவர், மெட்ஸ் என்ற பெயர் இன்னும் கவர்ச்சியாக இருக்கும்போதே, டிராஃப்டுக்கு முன்பே கைமாற்றிவிடுவது நல்லது. வாங்குபவருக்கு நான் சொல்வது, வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களில் அவர் அடிக்கும் ஹோம் ரன்களை எண்ணாமல், மேலாளர் அவரை எத்தனையாவது இடத்தில் அனுப்புகிறார் என்பதையும், அவர் ஃபர்ஸ்ட் பேஸுக்கு ஓடும்போது இடது காலை எப்படி ஊன்றுகிறார் என்பதையும் கவனியுங்கள். ஐந்தாம் இடத்துக்கு மேல் அவர் பெயர் வந்தால் இரண்டு சுற்று முன்னதாகவே எடுத்துவிடலாம்.